தியடோர் ரூஸ்வெல்ட்: கம்பெனிகளோடு ஒரு சண்டை, நீதிமன்றங்களோடு இன்னொன்று

கேள்வி இது: "தியடோர் ரூஸ்வெல்ட்டை 'டிரஸ்ட்களை உடைத்தவர்' என்று படிக்கிறோம். ஆனால் அவருக்குப் பின் வந்த டாஃப்ட் அவரைவிட அதிக வழக்குகள் போட்டாராமே? பணக்கார வீட்டில் பிறந்த இவர் உண்மையிலேயே சீர்திருத்தவாதிதானா, இல்லை நல்ல விளம்பரமா?"

இரண்டும்தான். (டிரஸ்ட் என்றால் இங்கே அறக்கட்டளை அல்ல, போட்டியை ஒழித்து ஒரு தொழிலையே கைக்குள் வைத்திருந்த பெரிய கம்பெனிக் கூட்டு.) விளம்பரத்தில் அவரை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் இல்லை. ஆனால் சீர்திருத்தவாதியா என்பதை வழக்குகளை எண்ணித் தீர்மானிக்க முடியாது. எண்ணிக்கையில் டாஃப்ட் சுலபமாக ஜெயித்துவிடுவார்: ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராக இருந்த ஏழரை ஆண்டில் (1901-1909) போட்டவை நாற்பதுக்குக் கொஞ்சம் மேல், டாஃப்ட் நான்கே ஆண்டில் அதைத் தாண்டினார். எனக்கு ரூஸ்வெல்ட்டைப் புரியவைத்தது டிரஸ்ட் அல்ல, நீதிமன்றம். 26 வயதில் ஒரு தீர்ப்பு அவரை எரிச்சல்படுத்தியது. அந்த எரிச்சல் வளர்ந்து வளர்ந்து, 53 வயதில் அவரையே சொந்தக் கட்சியிலிருந்து வெளியே தள்ளியது. நடுவில் நடந்த பல விஷயங்களை இந்த இழையைப் பிடித்துக்கொண்டு படித்தால் தெளிவாக விளங்கும். (1930-களின் பெருமந்தத்தைச் சமாளித்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு ஆள், இவருக்குத் தூரத்து உறவு. இருவரையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு என்பதால் சொல்லிவைக்கிறேன்.)

பிறந்தது 1858 அக்டோபர் 27, நியூயார்க் நகரம். அப்பா கண்ணாடி இறக்குமதி செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர், தாராளமான கை. செய்தித்தாள் விற்கும் அநாதைச் சிறுவர்கள் தங்கும் விடுதிக்கு ஞாயிறு மாலைகளில் போய் உட்கார்ந்திருப்பார். அம்மா ஜார்ஜியாக்காரர், அடிமைகளை வைத்திருந்த குடும்பம். உள்நாட்டுப் போரில் அம்மாவின் சகோதரர்கள் தெற்கின் பக்கம் நின்றார்கள். அப்பா போருக்குப் போகாமல் பணம் கொடுத்து மாற்றாளை அனுப்பினார். மகன் பிற்காலத்தில் போர் என்றால் ஏன் அப்படித் துள்ளினார் என்பதற்குப் பல வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் காரணமாகக் காட்டுவார்கள். சின்ன வயதில் கடுமையான ஆஸ்துமா. இரவில் மூச்சு கிடைக்காத பிள்ளை பகலில் குத்துச்சண்டை, குதிரை, மலையேற்றம் என்று உடம்பைத் தேற்றிக்கொண்டதெல்லாம் பலமுறை சொல்லப்பட்ட கதை, அதை விட்டுவிடுகிறேன்.

ஹார்வர்டு படிப்பை 1880-ல் முடித்தார். 23 வயதில் நியூயார்க் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அப்போது அவர் சீர்திருத்தவாதி என்றால் அது ஊழலுக்கு எதிரானவர் என்ற பொருளில் மட்டும். லஞ்சம் வாங்கும் நீதிபதியைப் பிடிக்காது, வார்டு தலைவர்களைப் பிடிக்காது. தொழிலாளர் பிரச்சினை என்றால் அவரும் தன் வர்க்கத்தவர்தான். நகராட்சித் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு டாலர் கூலி நிர்ணயிக்கும் மசோதா வந்தபோது எதிர்த்தார்.

இந்த நேரத்தில்தான் சுருட்டு மசோதா வந்தது. நியூயார்க்கின் ஏழை வாடகைக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே சுருட்டு சுற்றிப் பிழைத்தன. இதைத் தடை செய்யவேண்டும் என்று சுருட்டுத் தொழிலாளர் சங்கம் கேட்டது. சங்கத்தின் சார்பில் வாதாடியவர் சாமுவேல் காம்பர்ஸ், பின்னால் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பையே நிறுவியவர். ரூஸ்வெல்ட் எதிர்த்து ஓட்டுப்போடும் எண்ணத்தில்தான் இருந்தார். "நீங்களே வந்து பாருங்கள்" என்று காம்பர்ஸ் அழைத்துப் போனார். ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள், போதாததற்கு ஒரு வாடகையாளும். பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள், ஆங்கிலம் சரியாக வராது. அழுக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் புகையிலை, மூலையில் மிச்சச் சோற்றோடு புகையிலை. பிள்ளைகள், ஆண்கள், பெண்கள் எல்லாரும் அதிகாலையிலிருந்து இரவுவரை அங்கேயே வேலை, அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். ரூஸ்வெல்ட் மறுபடி தனியாகவும் போய்ப் பார்த்தார். பிறகு மசோதாவுக்கு ஆதரவாகப் பேசினார், ஆளுநர் கிளீவ்லாண்டிடம் போய்க் கையெழுத்துப் போடச் சொல்லியும் வாதாடினார்.

சட்டம் வந்தது. 1885-ல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. சொத்துரிமையும் தொழில் செய்யும் சுதந்திரமும் மீறப்படுகின்றன என்பது காரணம். அதோடு விட்டார்களா? வீட்டின் புனிதமான சூழலையும் நல்ல தாக்கத்தையும் விட்டுத் தொழிலாளியை வேறிடத்துக்கு விரட்டினால் அவன் உடல்நலமும் ஒழுக்கமும் எப்படி மேம்படும் என்றும் தீர்ப்பில் கேட்டார்கள். அந்த அறையைக் கண்ணால் பார்த்தவருக்கு இதைப் படிக்க எப்படியிருந்திருக்கும்! சமூக, தொழில் நிலைமைகளைச் சீராக்க என்ன செய்யவேண்டும் என்று தீர்மானிக்க நீதிமன்றங்கள்தான் தகுந்த இடம் என்று இல்லை என்பதை மங்கலாகவாவது தனக்கு முதலில் உணர்த்தியது இந்த வழக்குதான் என்று தன்வரலாற்றில் எழுதினார்.

1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில், சில மணி நேர இடைவெளியில் அவருடைய அம்மாவும் மனைவி ஆலிஸும் இறந்தார்கள். அம்மாவுக்கு டைஃபாய்டு, மனைவிக்குச் சிறுநீரக நோய். ஆலிஸ் மகளைப் பெற்று இரண்டே நாள். ரூஸ்வெல்ட் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு டகோட்டாவுக்குப் போய் மாட்டுப் பண்ணை வைத்தார். 1886-87 குளிர்காலத்தின் பனியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, முதலீட்டில் பெரும்பகுதி போனது. அதற்குள் அவர் திரும்பி வந்து, நியூயார்க் மேயர் தேர்தலில் மூன்றாவது இடத்தில் தோற்று, சிறுவயதுத் தோழி ஈடித்தை லண்டனில் மணந்துகொண்டிருந்தார்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வகித்த பதவிகளை மட்டும் சொல்கிறேன். வாஷிங்டனில் ஆறு ஆண்டு அரசுப் பணித் தேர்வாணையம். நியூயார்க் காவல்துறை ஆணையர். அப்போது நள்ளிரவில் நிருபர் ஜேக்கப் ரீஸுடன் தெருத்தெருவாக நடந்து, தூங்கும் போலீஸ்காரர்களைத் தட்டி எழுப்பினார், மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் செய்தி. கடற்படைத் துணைச் செயலர். 1898-ல் கியூபா போர். சான் வான் குன்றுகளில் ஒரே நாள் சண்டை அவரை நாடறிந்த வீரராக்கியது. திரும்பிய சில மாதங்களில் நியூயார்க் ஆளுநர். டிராம், எரிவாயுக் கம்பெனிகள் பொதுத் தெருக்களைப் பயன்படுத்தும் உரிமைக்கு வரி போட்டார். அவருடைய குடியரசுக் கட்சியின் மாநிலப் பெருந்தலை தாமஸ் பிளாட்டுக்கு இது பிடிக்கவில்லை. ஆளை எங்கே தள்ளினால் வாய் அடங்கும் என்று பார்த்தார். துணை அதிபர் பதவி காலியாக இருந்தது, அந்தப் பதவிக்கு வேலையும் கிடையாது. 1900-ல் மெக்கின்லியோடு சேர்த்து நிறுத்தினார்கள். 1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரில் மெக்கின்லி சுடப்பட்டார், 14-ஆம் தேதி இறந்தார். ரூஸ்வெல்ட் 42 வயதில் அதிபர். இன்றுவரை அவரைவிட இளைய வயதில் யாரும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை.

இனி டிரஸ்ட் விவகாரம். ஏகபோகக் கூட்டுகளைத் தடைசெய்யும் ஷெர்மன் சட்டம் 1890-லேயே வந்துவிட்டது. ஆனால் 1895-ல் சர்க்கரை டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், உற்பத்தி என்பது மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது என்று சொல்லி அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியிருந்தது. மறுபடியும் நீதிமன்றம், கவனியுங்கள். 1901 நவம்பரில் வங்கியாளர் ஜே. பி. மார்கன், ரயில் முதலாளிகள் ஜேம்ஸ் ஹில், ஹாரிமன் மூவரும் வடமேற்கு ரயில் பாதைகளையெல்லாம் 'நார்தர்ன் செக்யூரிட்டீஸ்' என்ற ஒரே கம்பெனிக்குள் கொண்டுவந்தார்கள். மூலதனம் 40 கோடி டாலர். மூன்று மாதத்தில் ரூஸ்வெல்ட் அதன்மேல் வழக்குப் போட்டார். அமைச்சர்களில்கூட அட்டர்னி ஜெனரல் நாக்ஸைத் தவிர யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

மார்கன் பதறிப்போய் வெள்ளை மாளிகைக்கு வந்தார். "நாங்கள் ஏதாவது தப்புச் செய்திருந்தால் உங்கள் ஆளை என் ஆளிடம் அனுப்புங்கள், சரிசெய்து கொள்ளலாம்" என்றார். ரூஸ்வெல்ட் முடியாது என்றார். நாக்ஸ் குறுக்கிட்டு, "சரிசெய்வது எங்கள் நோக்கமில்லை, நிறுத்துவதுதான்" என்றார். மார்கன் போன பிறகு ரூஸ்வெல்ட் நாக்ஸிடம் சொன்னதுதான் எனக்குப் பிடித்த பகுதி: அந்த மனிதர் தன்னைப் போட்டிக்கு வந்த இன்னொரு பெரிய வியாபாரியாகத்தான் பார்த்தார், நாட்டின் அதிபராகப் பார்க்கவில்லை. 1904-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ரூஸ்வெல்ட்டே நியமித்த நீதிபதி ஹோம்ஸ் எதிராக எழுதினார். வாழைப்பழத்தில் செதுக்கினால்கூட இதைவிட முதுகெலும்புள்ள நீதிபதி கிடைப்பார் என்று ரூஸ்வெல்ட் திட்டியதாகச் சொல்வார்கள்.

இந்த வழக்கால் ரயில் கட்டணம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஹில்லும் மார்கனும் ஏழையாகிவிடவும் இல்லை. ரூஸ்வெல்ட்டுக்குப் பெரிய கம்பெனி என்பதே கெட்டது என்ற எண்ணம் கிடையாது. நல்ல டிரஸ்ட், கெட்ட டிரஸ்ட் என்று பிரிப்பார். கணக்கைக் காட்டு, அரசு சொல்வதைக் கேள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வளர்ந்துகொள் என்பதே அவர் கொள்கை. எது நல்லது என்று யார் முடிவு செய்வது? அவர்தான். இது ஆபத்தான பதில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1907 நிதி நெருக்கடியில் யு.எஸ். ஸ்டீல் தன் போட்டியாளரான டென்னசி நிலக்கரி, இரும்புக் கம்பெனியை விழுங்க அனுமதி கேட்டு இரண்டு முதலாளிகள் காலை உணவு நேரத்தில் வந்து நின்றபோது, தடுக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். 1911-ல் டாஃப்ட் அரசு அதையும் குறிப்பிட்டு யு.எஸ். ஸ்டீல்மீது வழக்குப் போட்டபோது நண்பர்கள் எதிரிகளானார்கள்.

என்னைக் கேட்டால் அவர் செய்த முதல் பெரிய மாற்றம் இந்த வழக்கு அல்ல, அதே 1902-ல் நடந்த நிலக்கரி வேலைநிறுத்தம். கிழக்குப் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் சுரங்கங்களில் மே மாதம் தொடங்கியது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். கேட்டது 20 சதவீதக் கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம். நியூயார்க், பாஸ்டன் வீடுகள் குளிர்காலத்தில் சூடாக இருப்பது இந்தக் கரியால்தான். செப்டம்பர் வந்தது, விலை பல மடங்கு ஏறியது, பள்ளிகளை மூடவேண்டி வருமோ என்ற பேச்சும் வந்தது. சுரங்கங்கள் பெரும்பாலும் ரயில் கம்பெனிகளின் கையில். அவர்களின் வாய் ஜார்ஜ் பேயர். "உழைப்பவர்களின் உரிமைகளைப் பாதுகாப்பவர்கள் கிளர்ச்சிக்காரர்கள் அல்ல, கடவுள் தன் எல்லையற்ற ஞானத்தால் நாட்டின் சொத்துகளை யார் பொறுப்பில் கொடுத்தாரோ அந்தக் கிறிஸ்தவர்கள்தான்" என்ற பொருளில் அவர் எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வெளியாகி ஊரே சிரித்தது.

அக்டோபர் 3 அன்று ரூஸ்வெல்ட் இரு தரப்பையும் வாஷிங்டனுக்கு அழைத்தார். ஒரு மாதத்துக்கு முன் அவர் வண்டிமேல் டிராம் மோதி, கால் சீழ்பிடித்து, சக்கர நாற்காலியில் இருந்தார். சுரங்க முதலாளிகள் தொழிற்சங்கத் தலைவர் ஜான் மிட்சலோடு பேசவே மறுத்தார்கள். அதிபருக்கே பாடம் நடத்தினார்கள்: படையை அனுப்பி வேலைநிறுத்தத்தை உடையுங்கள், அதுதான் உங்கள் வேலை என்று. அவர்கள் அப்படி எதிர்பார்த்ததில் வியப்பில்லை. 1894-ல் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தின்போது, அப்போது அதிபராக இருந்த கிளீவ்லாண்ட் அதைத்தான் செய்திருந்தார். அறையில் கண்ணியமாக நடந்துகொண்டவர் மிட்சல் ஒருவர்தான் என்று ரூஸ்வெல்ட் பிறகு சொன்னார்.

அப்புறம் அவர் போட்ட திட்டம் கேட்டால் தலை சுற்றும். ராணுவத்தை அனுப்புவேன், ஆனால் வேலைநிறுத்தத்தை உடைக்க அல்ல. முதலாளிகளை வெளியேற்றிவிட்டு ராணுவமே சுரங்கங்களை நடத்தும். ஜெனரல் ஸ்கோஃபீல்டைக் கூப்பிட்டுத் தயாராக இருக்கச் சொல்லியும் விட்டார். அரசமைப்புச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்பது மிகவும் சந்தேகம். செய்தி போகவேண்டிய இடத்துக்குப் போனது. போர்ச் செயலர் எலிஹூ ரூட், மார்கனை அவருடைய கோர்சேர் படகில் சந்தித்தார். நடுவர் கமிஷனுக்கு முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஆனால் கமிஷனில் தொழிலாளர் பிரதிநிதி என்று யாரும் கூடாது என்று அடம்பிடித்தார்கள். அவர்கள் கொடுத்த பட்டியலில் 'புகழ்பெற்ற சமூகவியலாளர்' என்று ஓர் இடம் இருந்தது. ரயில் கண்டக்டர்கள் சங்கத் தலைவர் ஒருவரைச் 'சமூகவியலாளர்' என்று பெயர் சூட்டி அந்த இடத்தில் உட்காரவைத்தார் ரூஸ்வெல்ட். முதலாளிகள் முணுமுணுக்காமல் ஒப்புக்கொண்டார்கள். விஷயம் ஆளில் இல்லை, பெயரில்தான் இருந்தது என்று புரிந்ததும் தனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

1903 மார்ச்சில் வந்த தீர்ப்பு பத்து சதவீத உயர்வு, பெரும்பாலோருக்கு ஒன்பது மணி நேர வேலை. சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை. கேட்டதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலாளி, தொழிலாளி என்ற இரண்டு தரப்புக்கு நடுவே பொதுமக்கள் என்ற மூன்றாவது தரப்பு இருக்கிறது, அதற்காக மத்திய அரசு உள்ளே வரலாம் என்பது அன்று நிலைபெற்றது. அவர் ஏழைகளின் மேல் உருகி இதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. குளிரில் நடுங்கும் நகரங்களில் கலவரம் வந்தால் சோஷலிஸ்டுகள் கைக்கு எல்லாம் போய்விடும் என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. அந்தப் பயம்தான் அவருடைய சீர்திருத்தங்கள் பலவற்றின் எரிபொருள்.

1904 தேர்தலில் பெருவெற்றி. மார்கன் உட்பட பெரும் பணக்காரர்கள் அள்ளிக் கொடுத்த நன்கொடை பிறகு அம்பலமாகி அசிங்கமானது. கம்பெனிகள் தேர்தல் நன்கொடை தரக்கூடாது என்ற 1907 டில்மன் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். வென்ற இரவே "மறுபடி நிற்கமாட்டேன்" என்று அறிவித்தார். வாழ்க்கை முழுக்க அவர் வருந்திய வாக்கியம் அது.

1906-ல் மூன்று சட்டங்கள் ஒன்றாக வந்தன. ஹெப்பர்ன் சட்டம் ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடை வணிக ஆணையத்துக்குக் கொடுத்தது. செனட்டில் ஆல்ட்ரிச் தலைமையில் பழமைவாதிகள் மாதக்கணக்கில் இழுத்தடித்ததும் நீதிமன்றம் சம்பந்தமாகத்தான்: ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தை நீதிபதிகள் எந்த அளவுக்கு மறுபரிசீலனை செய்யலாம்? கடைசியில் வேண்டுமென்றே தெளிவில்லாமல் எழுதிச் சமரசம் செய்துகொண்டார்கள்.

மற்ற இரண்டு, இறைச்சிச் சோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும். இரண்டிலும் ஜூன் 30 அன்று கையெழுத்திட்டார். சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றி அப்டன் சின்க்ளேர் எழுதிய நாவல் அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்து நாட்டையே குமட்ட வைத்திருந்தது. சின்க்ளேர் எழுதியது தொழிலாளர் துயரத்தைப் பற்றி. மக்கள் கவலைப்பட்டது தங்கள் தட்டைப் பற்றி. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே நொந்துகொண்டார். ரூஸ்வெல்ட் இரண்டு பேரை நேரில் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அறிக்கையின் ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டு, மீதியையும் வெளியிடுவேன் என்று மிரட்டி மசோதாவை நகர்த்தினார். ஆனால் விட்டும் கொடுத்தார். சோதனைச் செலவைக் கம்பெனிகள் ஏற்கவேண்டும், டின்களில் தயாரித்த தேதி போடவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் போயின. செலவு அரசின் தலையில் விழுந்தது. அரசு முத்திரை கிடைத்ததால் ஐரோப்பிய ஏற்றுமதிக்கு வழி திறந்தது, பெரிய கம்பெனிகளுக்கு அதில் லாபமே.

உணவுச் சட்டத்துக்காகப் பல ஆண்டு போராடியவர் அரசு வேதியியலாளர் ஹார்வி வைலி. பாதுகாப்புப் பொருட்கள் கலந்த உணவை இளைஞர்களுக்குக் கொடுத்துச் சோதித்தவர், பத்திரிகைகள் அவர்களை 'நச்சுப் படை' என்றே அழைத்தன. ஒருநாள் அவர் அதிபர் முன்னிலையில் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லிவிட்டார். "என் டாக்டர் தினமும் எனக்கு அதைத்தான் கொடுக்கிறார், கெடுதல் என்பவன் முட்டாள்" என்று வெடித்தார் ரூஸ்வெல்ட். வைலியின் செல்வாக்கு அன்றிலிருந்து தேய ஆரம்பித்தது. பெரிய கொள்கைகளுக்குள் இப்படிச் சின்னச் சின்ன மனிதக் கோபங்களும் உண்டு.

இன்றும் நேரில் போய்ப் பார்க்கக்கூடியதாக அவர் விட்டுப்போனது காடுகளும் பூங்காக்களும். கிஃபர்டு பின்ஷோவைத் தலைவராக்கி 1905-ல் வனச் சேவையைத் தொடங்கினார். மொத்தம் ஏறக்குறைய 23 கோடி ஏக்கர் பாதுகாப்புக்குள் வந்தது. 1907-ல் ஆறு வடமேற்கு மாநிலங்களில் அதிபர் புதிய காப்புக்காடு அறிவிக்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு நிதி மசோதாவுக்குள் செருகி அனுப்பியது. கையெழுத்திட அவருக்குச் சில நாட்களே அவகாசம். பின்ஷோவின் எழுத்தர்கள் இரவு பகலாக வரைபடம் போட்டார்கள். ஒரு கோடியே அறுபது லட்சம் ஏக்கரைக் காடாக அறிவித்துவிட்டு, அப்புறம் சாவகாசமாக மசோதாவில் கையெழுத்திட்டார். 'நள்ளிரவுக் காடுகள்' என்று பெயர் வந்தது.

கிராண்ட் கேன்யனும் அப்படித்தான். 1906 தொல்பொருள் சட்டம் பழங்குடிச் சிதைவுகள் போன்ற சிறு இடங்களைக் காக்க வந்தது, தேவையான குறைந்தபட்ச நிலம் என்றே அதில் இருக்கிறது. 1908-ல் எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த பள்ளத்தாக்கை அதே சட்டத்தில் 'நினைவுச்சின்னம்' ஆக்கினார். அங்கே சுரங்க உரிமை கொண்டாடி, பாதையில் இறங்குகிறவர்களிடம் ஒரு டாலர் சுங்கம் வாங்கிக்கொண்டிருந்த ரால்ஃப் கேமரன் வழக்காடினார். 1920-ல் உச்ச நீதிமன்றம் அதிபர் செய்தது செல்லும் என்றது. பள்ளத்தாக்கில் காலங்காலமாக வாழ்ந்த ஹவாசுபாய் மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய நிலத்தில் ஒரு பகுதி 1975-ல்தான் திரும்பக் கிடைத்தது.

நிறம் என்று வரும்போது அவருடைய கணக்கு மோசம். பதவிக்கு வந்த அடுத்த மாதமே கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். தெற்கு கொதித்தது, அத்தோடு அப்படி யாரையும் அவர் மறுபடி அழைக்கவில்லை. 1906-ல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரில் ஒரு துப்பாக்கிச் சூடு. யார் சுட்டது என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. விசாரணை நீதிமன்றம் எதுவும் இல்லாமல் 167 கறுப்பினப் படைவீரர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார், நவம்பர் தேர்தல் முடியும்வரை அறிவிக்காமல் வைத்திருந்து. கறுப்பின ஓட்டு குடியரசுக் கட்சிக்குத் தேவைப்பட்டது, அதுதான் காரணம். 1972-ல் ராணுவம் அந்த ஆணையை ரத்து செய்தபோது உயிரோடிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1909 ஜனவரியில், பதவி முடியும் தறுவாயில், வாஷிங்டனில் ஒரு மெதடிஸ்ட் விழாவில் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியை வானளாவப் புகழ்ந்து பேசியதும் இதே ஆள்தான். சுருட்டு சுற்றும் பொஹீமியக் குடும்பத்தின் அறைக்குள் இரண்டு தடவை போய்ப் பார்த்தவர், இந்த விஷயங்களில் அப்படிப் போய்ப் பார்க்கவே இல்லை.

இப்போது நீதிமன்றத்துக்குத் திரும்புவோம். பேக்கரித் தொழிலாளர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்த நியூயார்க் சட்டத்தை 1905-ல் உச்ச நீதிமன்றம் லாக்னர் வழக்கில் ரத்து செய்தது. ரயில் தொழிலாளர் விபத்து இழப்பீட்டுக்காக ரூஸ்வெல்ட்டே கையெழுத்திட்ட சட்டத்தை 1908 ஜனவரியில் ரத்து செய்தது. அதே மாதக் கடைசியில் காங்கிரஸுக்கு அவர் அனுப்பிய செய்தியில் அனல் பறந்தது. பதவியை டாஃப்டிடம் கொடுத்துவிட்டு ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போனார். 1910-ல் திரும்பியதும் கொலராடோ சட்டமன்றத்தில் சர்க்கரை டிரஸ்ட், லாக்னர் தீர்ப்புகள் இரண்டையும் பெயர் சொல்லித் தாக்கினார். இரண்டு நாள் கழித்து கேன்சஸில் ஒசாவட்டமி என்ற சிற்றூரில், பொதுநலன் எந்த அளவுக்குக் கேட்கிறதோ அந்த அளவுக்குச் சொத்தின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்றார். முன்னாள் அதிபர் வாயிலிருந்து இப்படி வந்ததும் வால் ஸ்ட்ரீட் அதிர்ந்தது.

1911 மார்ச் 24 அன்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், சுருட்டுச் சட்டத்தைத் தூக்கியெறிந்த அதே நீதிமன்றம், தொழிலாளர் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. மறுநாள், மார்ச் 25, டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குடியேறிகளின் பெண்பிள்ளைகள்.

1912 பிப்ரவரியில் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் ரூஸ்வெல்ட் தன் யோசனையை வெளியே வைத்தார். மக்கள்நலச் சட்டம் ஒன்றை மாநில நீதிமன்றம் அரசமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தால், அந்தத் தீர்ப்பு நிற்கவேண்டுமா என்று மக்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யலாம். இதோடு பழைய நண்பர்கள் கழன்றுகொண்டார்கள். உயிர் நண்பர் ஹென்றி கேபட் லாட்ஜால்கூட ஏற்க முடியவில்லை. எலிஹூ ரூட் எதிர் முகாமுக்குப் போனார். டாஃப்டுக்கோ நீதிமன்றம் என்றால் கோயில். ரூஸ்வெல்ட் எத்தனை வழக்கு, தான் எத்தனை வழக்கு என்பதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. இந்த ஆளை ஜெயிக்கவிட்டால் நீதித்துறையே போய்விடும் என்ற எண்ணத்தில்தான் தோற்றாலும் பரவாயில்லை என்று களத்தில் நின்றார். இருவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். டாஃப்ட் இருக்கும் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தியவர். ரூஸ்வெல்ட் யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியையே மாற்றப் பார்த்தவர்.

நேரடி முதற்கட்டத் தேர்தல்களில் ரூஸ்வெல்ட் டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவையும் சேர்த்து ஒன்பது மாநிலங்களை வென்றார். கட்சி இயந்திரம் டாஃப்ட் கையில் இருந்தது, சிகாகோ மாநாட்டில் டாஃப்டே வேட்பாளர். ரூஸ்வெல்ட் வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். பெண்களுக்கு வாக்குரிமை, முதுமைக்கும் நோய்க்கும் வேலையின்மைக்கும் காப்பீடு, குழந்தைத் தொழிலுக்குத் தடை, எட்டு மணி நேர வேலை எல்லாம் அதன் அறிக்கையில் இருந்தன. சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் மேடையேறி அவரை வழிமொழிந்தார். அதே மாநாட்டில் ஆழ்தெற்கின் கறுப்பினப் பிரதிநிதிகளை உட்காரவிடவில்லை. கட்சிக்குப் பணம் கொடுத்து நடத்தியவர் மார்கனின் முன்னாள் பங்காளி ஜார்ஜ் பெர்கின்ஸ். அச்சான அறிக்கையில் டிரஸ்ட் எதிர்ப்புப் பத்தி ஒன்று காணாமல் போனது. அக்டோபர் 14 அன்று மில்வாக்கியில் ரூஸ்வெல்ட்டை ஒருவன் சுட்டான். சட்டைப்பைக்குள் மடித்திருந்த ஐம்பது பக்கப் பேச்சும் மூக்குக்கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. குண்டு நெஞ்சில் இருக்க, ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தேர்தல் முடிவு, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில்: ஜனநாயகக் கட்சியின் வில்சன் 435, ரூஸ்வெல்ட் 88, டாஃப்ட் 8. மக்கள் வாக்கில் ரூஸ்வெல்ட்டுக்கு 27 சதவீதம், டாஃப்டுக்கு 23. அடுத்த ஆண்டே நியூயார்க் வாக்காளர்கள் மாநில அரசமைப்பைத் திருத்தி விபத்து இழப்பீட்டுக்கு வழிசெய்தார்கள். 1916-ல் முற்போக்குக் கட்சி அவரை மறுபடி வேட்பாளராக்கியது. அவர் மறுத்துவிட்டு, குடியரசுக் கட்சியின் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸை ஆதரித்தார். தொண்டர்கள் கொதித்தார்கள், கட்சி அத்தோடு கலைந்தது. ரூஸ்வெல்ட் 1919 ஜனவரி 6 அன்று, 60 வயதில், ஆய்ஸ்டர் பே வீட்டில் தூக்கத்தில் இறந்தார். ஹியூஸ் அந்தத் தேர்தலில் தோற்றாலும் பிறகு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த வாஷிங்டன் மாநிலச் சட்டம் செல்லும் என்று 1937-ல் தீர்ப்பு எழுதி, லாக்னர் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் அவர்தான்.